காசியம்மாளின் ஒரு நிமிடம்

சாம்பிள் எடுக்கப் போகும்போது காசியக்கா முதலில் இடது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். கழற்றக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளுக்கு நேர் கீழே நின்றுதான் கழற்றுவார். பிறகு டேங்கின் வயிற்றிலிருக்கும் சிறு குழாயில் நீராவியை விட்டு, அது சீறி அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது வாளிக்கு. அடுத்து வருவது பாட்டிலுக்கு. கடைசி இரண்டு சொட்டை இடது மணிக்கட்டின் மேல் வாங்கி, வலது கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். மோவாய் கொஞ்சம் மேலே எழும். கண் மூடும், முழுக்க மூடாது, இமைக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். உதடு மெல்ல அசையும். ஏதோ சாமி பேரைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். அந்த ஒரு நிமிடமும் டேங்க் ரூமில் யாரும் பேச மாட்டோம். கையைத் துடைத்துக்கொண்டு "ஓடுது" என்றால் எல்லாம் சரி. "பாத்துக்க" என்றால் எங்கேயோ கோளாறு. நான் அங்கே சேர்ந்த மூன்று வருடத்தில் நான்கு முறை "பாத்துக்க" சொல்லியிருக்கிறார். நான்கு முறையும் கோளாறு இருந்தது.

எங்கள் யூனிட் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், ஓர் அரிசி மில்லுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாக்டீரியா வளர்த்து விற்கிறோம். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் கைகொடுக்கத் தயங்குகிறார்கள். கெடுதல் செய்யாத ஒரு வகைதான் அது. சோயா மாவும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில், உடம்புச் சூட்டில், காற்றை அடித்து வளர்க்கிறோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக வரிசையாக இருக்கும் இறால் ஹேச்சரிகள் இதை வாங்கித் தொட்டிகளில் ஊற்றுகின்றன. குஞ்சுகளைக் கொல்லும் கிருமிகளுக்கு இடமில்லாதபடி இது முதலில் பரவிக்கொள்ளும். ஆனால் எங்கள் டேங்குக்குள் வேறொரு கிருமி நுழைந்துவிட்டால் அதற்கும் அதே சோறு, அதே சூடு, அதே காற்று. ஆயிரம் லிட்டர் கெட்டுப்போக ஊசிமுனை அளவு போதும்.

காசியக்கா பதினோரு வருடம் முன்பு இங்கே பாட்டில் கழுவ வந்தவர். ஊர் வல்லிபுரம் பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். அவரும் பதினாறு வயதுவரை வேர்க்கடலை ஆய்ந்தார். பிறகு கல்யாணம். கணவர் ஏசுதாஸ் செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மாதா கோயிலுக்கு, அக்கா மாரியம்மனுக்கு, மகள் கவியா இரண்டுக்கும். பாட்டில் கழுவும் தொட்டியருகே நின்று, "இன்னிக்கி கழிவுத் தண்ணி புளிச்ச மோராட்டம் நாறுது மேடம்" என்று அக்கா சொன்ன மூன்று தடவையும் அந்த பேட்ச் கெட்டுப்போயிருந்ததாம். அப்போதிருந்த லேப் மேடம் அவரைக் கழுவும் தொட்டியிலிருந்து டேங்குக்கு மாற்றினார். எட்டாவது படித்தவர் டேங்க் ஆபரேட்டர் ஆனது இப்படித்தான். "காசியம்மா மூக்கு" என்பது எங்கள் யூனிட்டில் ஒரு கருவியின் பெயர் மாதிரி. புதிதாக யார் வந்தாலும் மேனேஜர் வாசுதேவன் சார் டேங்கைக் காட்டுவார், பாய்லரைக் காட்டுவார், பிறகு அக்காவைக் காட்டுவார்.

இதை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். லேப் மேஜை இழுப்பறையில் நான் வைத்திருக்கும் கவிதைப் புத்தகங்களை அவர் புரட்டிப் பார்த்ததுண்டு. "எழுதறதுன்னா முழுசா எழுது தம்பி. உன் புக்குல வர்ற மாதிரி ரெண்டு வார்த்தை எழுதிட்டு பாதி பக்கத்தைக் காலியா வுட்றாத" என்றார்.

போன ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கான்ட்ராக்டில் இருப்பவர்களில் ஐந்து பேரை நிரந்தரமாக்கும் பட்டியல் சென்னை ஆபீஸுக்குப் போக வேண்டும். காசியக்காவின் பெயர் முதலில் இருந்தது. அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் பட்டியல் டைப் ஆன நாளிலிருந்து ஆபீஸ் ரூம் கண்ணாடி வழியாக அந்தத் தாள் இருக்கும் திசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் பார்த்திருக்கிறேன்.

பூஜையன்று மதியம் பொரி, கடலை, சுண்டல். பாய்லரிலிருந்து தராசு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தட்டை நான் பிடித்துக்கொண்டேன், வாசுதேவன் சார் கையாலேயே பொட்டு வைத்தார். ஏணி ஏறி டேங்குகளின் தலைக்கும் வைத்தார். நான்கு மணிக்கு இரண்டாம் டேங்கில் விதையை, அதாவது லேப்பில் வளர்த்த கொஞ்சம் பாக்டீரியாவை, ஊற்றினோம், ஓட்டம் தொடங்கியது. அடுத்த நாள் மூன்று மணிக்கு இறக்கி, கேனில் அடைத்து, ஹேச்சரி வண்டியில் ஏற்ற வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. நாஸ்தா நேரம். முந்தின நாள் சுண்டல் ஒரு டப்பாவில் மீதி இருந்தது. அக்கா இரண்டு வாய் போட்டுவிட்டார். டேங்க் ரூமில் இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த பிரவின்குமார் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவன் துள்ளிவிட்டான்.

"யக்கா! ஊசிப் போச்சுக்கா! குப்புன்னு அடிக்குது, துப்புக்கா!"

"சாமிக்கு வெச்சதுடா. சாமி துன்னுட்டு சும்மாதான கீறாரு."

"சாமிக்கு இன்னா, கல்லு வயிறு. உனுக்குமா?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் அவர் முகம் வெளிறியது. வயிற்றை நினைத்துப் பயந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். எழுந்து போய் டப்பாவை வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

ஒன்பதரைக்கு இரண்டாம் டேங்கில் சாம்பிள். கையுறை, நீராவி, வாளி, பாட்டில், மணிக்கட்டு. ஒரு நிமிடம் ஆனது. அவர் கையை இறக்கவில்லை. இன்னொரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"பாத்துக்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, காலைல ஸ்லைடு போட்டியே. இன்னா இருந்திச்சி?"

"சுத்தம்கா."

"சுத்தம்னா?"

"எல்லாம் குச்சி குச்சியா, ஒரே மாதிரி. நம்மளுதுதான்."

"வேற ஒண்ணுமேயில்ல?"

"ஓரத்துல கொஞ்சம் சாயம் படிஞ்சிருந்துச்சி. புள்ளி புள்ளியா."

"சாயமா" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. நான் கீழே பார்த்துக்கொண்டேன். காலை ஆறரைக்கு டேங்க் சாம்பிளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, நான் லேப் புத்தகத்தில் 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாயத்தை வடிகட்டாமல் போட்டால் அப்படிப் புள்ளிகள் படிவது வழக்கம்தான். அன்று நான் வடிகட்டியிருந்தேனா என்பது ஞாபகம் வரவில்லை.

பதினொரு மணிக்கு வாசுதேவன் சார் வந்தார். அக்கா அவரை டேங்க் ரூம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"சார், ரெண்டாம் டேங்க் சரியில்ல. இத்த அனுப்ப வேணாம்."

"இன்னா சரியில்ல?"

"பம்பு நிக்கல சார். மணி பதினொண்ணு ஆவுது, இன்னும் அடிச்சிகினே கீது."

பம்ப் என்று அவர் சொன்னது டேங்குக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும் சின்ன காஸ்டிக் பம்பை. பாக்டீரியா சர்க்கரையைத் தின்று வளரும்போது புளிப்பை வெளியே விடும். டேங்குக்குள் இருக்கும் ப்ரோப் அந்தப் புளிப்பை அளந்து சொல்ல, பம்ப் 'டிக்' என்று ஒரு சொட்டு காஸ்டிக்கை விட்டு அதைச் சமன் செய்யும். சர்க்கரை தீர்ந்ததும், பதினாலு மணி நேரத்துக்குள், புளிப்பு நின்றுவிடும். பம்பும் வாயை மூடிக்கொள்ளும். அதன் பிறகும் அடித்தால், சோயா மாவில் மிச்சமிருப்பதை வேறேதோ கிருமி தின்று புளிக்கவைக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்த பேட்ச் தொடங்கிப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. பம்ப் இன்னும் டிக் டிக் என்றுகொண்டிருந்தது.

"அது ப்ரோப் கோளாறு" என்றார் சார். "போன வாரமே சொன்னேனே, பழசாயிடுச்சி, புதுசு வருதுன்னு. இல்லாத புளிப்ப இருக்குன்னு சொல்லுது, பம்பு அடிக்குது. ஸ்லைடு சுத்தம்னு எழுதியிருக்கான்ல தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

"சாம்பிள பிளேட்ல வளர வெச்சிருக்குது, நாளைக்குத் தெரிஞ்சிடும் சார். ஒரு நாள் நிறுத்தலாம்" என்றார் அக்கா.

"நாளைக்கா? ஹேச்சரில தொட்டி மின்னுதாம் காசியம்மா. சடையப்பன் காலைலர்ந்து ஆறு போன். பம்ப வுடு. நீ மூக்குல பாத்தல்ல, வாசனை இன்னா சொல்லுது? அத்த சொல்லு."

அக்கா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"வாசனையும் சரியில்ல சார்" என்றார்.

வாசுதேவன் சார் கெட்டவர் இல்லை. திருப்போரூர் பக்கம் விவசாயக் குடும்பம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த வால்வு எங்கே என்று சொல்வார். ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகி அந்த ஹேச்சரி வேறு கம்பெனியோடு பேச ஆரம்பித்திருந்தது. அவர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் போனில் பேசினார்.

ஒரு மணிக்கு வண்டி வந்துவிட்டது. கூடவே சடையப்பன். கூவத்தூர் பக்கத்து ஹேச்சரியில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தது.

"மேனேஜரே, பதினெட்டு லட்சம் குஞ்சு கீது. நேத்து ராத்திரி லைட்ட அணைச்சிப் பாத்தா தண்ணி பச்சையா மின்னுது. இன்னிக்கி ஊத்தலன்னா நாளான்னிக்கு தொட்டிய கழுவி வுட வேண்டியதுதான். மூணு மணிக்குன்னு சொன்னீங்க. ஒரு மணிக்கே வந்துகிறேன். ஏத்துங்க."

தண்ணீரில் கெட்ட கிருமி பெருகினால் இருட்டில் தொட்டியே மின்னும். பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். அதைப் பார்த்தவர்கள் யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"இந்த டேங்க் கெட்டுகீது அண்ணாத்த" என்றார் அக்கா.

"யார் சொன்னது?"

"நான்தான்."

சடையப்பன் அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஏம்மா, நீ டாக்டரா?"

"டாக்டரு இல்ல. டேங்க்க பாத்துக்கறவ."

வாசுதேவன் சார் நடுவில் வந்தார். "காசியம்மா, ஒண்ணு பண்லாம். சும்மா ஆளுக்கொண்ணு பேசிகினு இருக்க வேணாம்" என்றவர் என்னைப் பார்த்தார். "குளிர் ரூம்ல திங்கக்கிழமை பேட்ச் சாம்பிள் இருக்குல்ல, எடுத்துனு வா. ரெண்டாம் டேங்க்ல ஒண்ணு பிடி."

கொண்டுவந்தேன். இரண்டையும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். சூட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தார். அந்த அளவுக்கு விவரமானவர். பிறகு துணியைப் போட்டு மூடி, எங்களுக்குக்கூடத் தெரியாதபடி இடம் மாற்றி, ஆபீஸ் ரூம் மேஜையில் வைத்தார்.

"எது நல்லது, எது கெட்டதுன்னு மூக்கால சொல்லு. சரியா சொல்லிட்டா இந்த வண்டிய நானே திருப்பி அனுப்பறேன். தப்பா போச்சின்னா..." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு லிஸ்ட் போவுது. உன் பேச்ச நம்பி ஒரு பார்ட்டிய இழந்தேன்னு ஆச்சின்னா, உன் பேரை வெச்சி அனுப்ப முடியாது. நானே எடுத்துடுவேன். வெளிப்படையா சொல்றேன்."

சடையப்பன் முதல் ஆளாய்க் குனிந்து, துணியைத் தூக்கி இரண்டையும் முகர்ந்தார். "எனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது." நானும் முகர்ந்தேன். இரண்டிலும் அவித்த மொச்சை வாடைதான். வேற்றுக் கிருமி நுழைந்த தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். தேர்ந்த மூக்கு மட்டும்தான் பிரிக்கும். அந்த மூக்கு எங்களிடம் இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது அக்கா சொல்லிவிடுவார், முடிந்துவிடும்.

அக்கா துணியை எடுத்தார். இடது டம்ளரைக் கையில் எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனார். மோவாய் உயர்ந்தது. கண் மூடியது, இந்த முறை முழுதாக மூடியது. உதடு அசையவில்லை. டேங்க் ரூம் கதவு சாத்தியிருந்தது. ஆபீஸில் சத்தமே இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தார். வலது டம்ளரைத் தொடவேயில்லை.

"நான் இத்த பண்ண மாட்டேன் சார்."

"ஏன்?"

"பதினோரு வருசம் வேலை செஞ்சதுக்கு அப்புறம் பரிட்ச வெக்கிறீங்களா?"

"அப்ப தெரியலன்னு அர்த்தம். அப்டித்தானே?"

"வாசனைய வெச்சி நான் எதுவும் சொல்லல. பம்பு நிக்கல. அதான் என் பேச்சு."

"காலைல வாசனையும் சரியில்லன்னு சொன்னியே?"

அக்கா துணியை எடுத்து டம்ளர்களின் மேல் மறுபடி போட்டார். கர்வம் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய திறமை உள்ளவர், ஒரு டம்ளரை முகர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும் விஷயத்தில், போயும் போயும் இன்று ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே, சும்மா ஒன்றைக் காட்டியிருக்கலாமே.

"ஏத்துங்க வண்டிய" என்றார் சார்.

அக்கா எங்களுக்கு முன்னால் டேங்க் ரூமுக்குள் போனார். இரண்டாம் டேங்கின் அடிவால்வுக்குப் பக்கத்தில் குனிந்தார். அதன் கைப்பிடி தனியாகக் கழன்று வரும். கழற்றி, மேல்கோட்டின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டேங்குக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"காசியம்மா, கைப்பிடிய குடு."

"குடுக்க மாட்டேன் சார். பேர எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. இத்த கொண்டுபோயி குட்டிங்க மேல ஊத்த வுட மாட்டேன்."

"இன்னா பேஜாரா போச்சி!" சடையப்பன் கத்தினார். "அங்க குஞ்சு சாவுது, இங்க ஒரு பொம்பள இரும்ப பாக்கெட்ல போட்டுகினு நிக்குது. மேனேஜரே, இது உங்க கம்பெனியா, அந்தம்மா கம்பெனியா?"

வாசுதேவன் சாரின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. செக்யூரிட்டியைக் கூப்பிடச் சொல்வார் என்று தோன்றியது. அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் பம்பின் சத்தம் மட்டும். டிக். டிக். டிக்.

அக்கா என்னைப் பார்த்தார். மற்ற எவரையும் பார்க்கவில்லை.

"தம்பி. அந்தச் சாயத்த இன்னொரு தபா பாக்கறியா?"

நான்கு பேர் இருக்கும் இடத்தில் நான் வாயைத் திறந்து பேசுவதில்லை. அன்று என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. "பத்து நிமிஷம் சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் வாசுதேவன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து. பதினொண்ணு இல்ல" என்றார்.

லேப்பில் முதலில் சாயத்தை வடிகட்டினேன், இரண்டு தாள் வைத்து. அவசரத்தில் முதல் கண்ணாடித் தகடு கீழே விழுந்து உடைந்தது. இரண்டாவதில் ஒரு சொட்டைப் பரப்பி, சுடரில் காட்டி, சாயம் விட்டு, கழுவி, ஊதி உலர்த்தினேன். கதவருகே சார் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் சடையப்பன்.

நுண்ணோக்கியில் குச்சி குச்சியாக எங்கள் பாக்டீரியா. அப்பாடா என்றிருந்தது. நகர்த்தினேன். குச்சிகள். நகர்த்தினேன். அங்கே புள்ளிகள் இருந்தன. சாயத்தின் துகள் இப்படி இருக்காது. துகள் சிதறிக் கிடக்கும். இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மணி கோத்த மாதிரி, ஐந்து ஐந்தாக, எட்டு எட்டாக வரிசையில் இருந்தன. அடுத்த இடத்திலும் இருந்தன. அதற்கடுத்த இடத்திலும். காலையில் ஓரத்தில் ஒரு கைப்பிடி இருந்தவை இப்போது பாதி வட்டத்தை நிறைத்திருந்தன.

காலையிலும் இவைதான் இருந்தன. நான்தான் சாயம் என்று எழுதினேன்.

"சார்" என்றேன். எழுந்து நாற்காலியை விட்டு விலகினேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். குமிழைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அதற்குள் டேங்க் சாம்பிளைப் புளிப்பு அளக்கும் லேப் மீட்டரிலும் வைத்துப் பார்த்தேன். டேங்க் ஸ்க்ரீன் சொன்ன அதே ஏழு. ப்ரோப் பொய் சொல்லியிருந்தால் இத்தனை காஸ்டிக்குக்கு அது ஏழைத் தாண்டிப் போயிருக்கும். ப்ரோப் சரியாகத்தான் இருந்தது. புளிப்பு உண்மையாகவே வந்துகொண்டிருந்தது.

வாசுதேவன் சார் எழுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டேங்க் ரூமுக்குப் போய், "நீராவிய வுடு. கொன்னுடலாம்" என்றார். அக்கா பாக்கெட்டிலிருந்து கைப்பிடியை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளங்கையில் அதன் பல் பதிந்து சிவந்திருந்தது.

சடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறொரு பார்ட்டிக்கு வைத்திருந்த எட்டுக் கேன் குளிர் ரூமில் இருந்தது. சார் அதை எடுத்துக் கொடுத்தார். எல்லாத் தொட்டிக்கும் அது போதவில்லை. இரண்டு தொட்டிகளை இழந்ததாகவும் மற்றவை பிழைத்ததாகவும் பின்னால் போனில் சொன்னார். போகும்போது அக்காவைப் பார்த்து, "டாக்டரம்மா, வர்ட்டா" என்றார். கிண்டலா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிளேட்டுகளில் எங்கள் பாக்டீரியாவுக்கு நடுவே குண்டூசித் தலை மாதிரி ஆயிரம் புள்ளிகள் வந்திருந்தன. அப்போதும் ஒரு கேள்வி பாக்கி. எப்படி உள்ளே போனது? பிரவின்குமாரும் நானும் ஏணி ஏறி டேங்கின் தலையைப் பார்த்தோம். நுரை பொங்கினால் ஊசியால் எண்ணெய் விடுவதற்கு அங்கே ஒரு ரப்பர் மூடி உண்டு. ஊசி குத்தும் முன்பு ஸ்பிரிட்டில் துடைத்து, பஞ்சைச் சுற்றிக் கொளுத்திவிட்டுத்தான் குத்த வேண்டும். மூடியின் நடுவில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அதன் மேல் குங்குமம். குங்குமத்தின் நட்டநடுவில் ஊசி போன ஓட்டை.

"நீ துடைக்கலியா?"

"சுத்தித் துடைச்சேன்டா" என்றான் பிரவின்குமார். பாவமாக இருந்தது அவன் முகம். "பூஜ நாளுடா. அதுவும் சார் தன் கையால வெச்ச பொட்டு. எப்டிடா அழிக்கிறது? நெருப்பு வேற வெக்கணும்."

கீழே வாசுதேவன் சார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை. நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பட்டியலோடு ஆபீஸ் பையன் சென்னைக்குப் புறப்பட்டான். ஐந்து பெயர்களும் இருந்தன. முதல் பெயர் மாறவில்லை. அடுத்த வருடத்திலிருந்து டேங்குகளுக்குப் பொட்டு கிடையாது, பாய்லருக்கும் தராசுக்கும் மட்டும் என்று ஒரு தாள் சுவரில் ஏறியது. அக்கா அதற்கு நேர் கீழே நின்று கையுறையைக் கழற்றுகிறார்.

பிப்ரவரியில் ஒரு நாள் செங்கல்பட்டு ஸ்டேஷனில், தாம்பரம் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தேன். கவியா வந்தாள். மெடிக்கல் காலேஜில் நர்சிங் படிக்கிறாள். அம்மா நிரந்தரமானபோது யூனிட்டுக்கு லட்டு கொண்டுவந்தவள். என்னிடம் யாராவது பேசினால் நான் திரும்ப ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில், அன்று நடந்ததையெல்லாம் சொல்லி, "உங்கம்மா மூக்கு இல்லன்னா அன்னிக்கு எங்க கதை முடிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எந்த மூக்கு?"

"வாசனை பாப்பாங்களே, அது."

"அம்மாவுக்கு வாசனையே தெரியாதுண்ணா" என்றாள். "ரெண்டாயிரத்து இருவத்தொண்ணுல கொரோனா வந்திச்சில்ல, அப்ப போனது, திரும்பவே இல்ல. வூட்ல பால் கருகினாகூட நான்தான் கத்தணும். மூக்கு போச்சின்னு தெரிஞ்சா மறுபடி பாட்டில் கழுவ வுட்ருவாங்கன்னு யாராண்டயும் சொல்லல. அம்மா நின்னுகினு பம்பு சத்தத்த எண்ணும்ணா. கண்ண மூடற மாதிரி மூடிகினு எதிர் சொவுத்து கடிகாரத்த பாக்கும். நிமிசத்துக்கு எத்தினி டிக்குன்னு வூட்டுக்கு வந்து தேதி கிழிச்ச தாளு பின்னாடி எழுதி வெக்கும். நாலு வருசத்துக்கும் மேல எழுதின தாளுங்க, ஒரு அரிசி பை நெறைய கீது."